எல்லா எண்ணும் போய்ச் சேரும் இடம்

நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 3333 மாதிரி நான்கும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. அந்த இலக்கங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி ஓர் எண் எழுதுங்கள். சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி இன்னோர் எண். பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழியுங்கள். வந்த விடையை வைத்து இதையே மறுபடியும் செய்யுங்கள். 1947இல் தொடங்கினால், 9741 − 1479 = 8262. அடுத்து 8622 − 2268 = 6354. பிறகு 6543 − 3456 = 3087. பிறகு 8730 − 0378 = 8352. பிறகு 8532 − 2358 = 6174. இன்னும் ஒரு தடவை செய்து பாருங்கள்: 7641 − 1467 = 6174. அதே எண். இனி விடிய விடியக் கழித்தாலும் அதே எண்தான்.

1947க்கு மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். உங்கள் வண்டி எண், தாத்தா பிறந்த வருஷம், செல்பேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கம், எதை வேண்டுமானாலும் எடுங்கள். 0000 முதல் 9999 வரை உள்ள 10,000 எண்களில், நான்கும் ஒரே இலக்கமாக உள்ள பத்தைத் தள்ளினால் மிச்சம் 9,990. ஒன்று விடாமல் அத்தனையும், அதிகபட்சம் ஏழே கழித்தலில் 6174இல் வந்து நிற்கும். (இடையில் 999 போல மூன்று இலக்கமாகிவிட்டால் முன்னால் ஒரு சுழியம் சேர்த்து 0999 என்று எழுதிக்கொள்ள வேண்டும்.)

இதை நாற்பது பேர் உள்ள ஆறாம் வகுப்பில் நடத்தினால் என்ன ஆகும்? ஆளுக்கொரு எண். முதல் ஐந்து நிமிடம் பேனா ஓடும் சத்தம் மட்டும். பிறகு ஒரு மூலையிலிருந்து “சார், திரும்பத் திரும்ப அதே எண் வருது” என்று ஒரு குரல். “எனக்கும் சார், எனக்கும் 6174” என்று இன்னொரு பெஞ்சிலிருந்து. வேறு வேறு எண்ணில் தொடங்கியவர்கள் ஒருவர் நோட்டை ஒருவர் எட்டிப் பார்க்கத் தொடங்குவார்கள். சராசரியாக ஓர் எண்ணுக்கு ஐந்து கழித்தலுக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். நாற்பது பேருக்கு ஏறத்தாழ 190 கழித்தல். எல்லாமே கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு. இதையே “பயிற்சி 2.3, முதல் 20 கணக்குகள்” என்று கரும்பலகையில் எழுதியிருந்தால் வகுப்பின் முகம் எப்படி மாறியிருக்கும் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும்.

இந்த எண்ணைக் கண்டுபிடித்தவரும் ஒரு பள்ளி ஆசிரியர்தான். தத்தாத்ரேய ராமச்சந்திர கப்ரேகர். 1905இல் பிறந்தவர். மகாராஷ்டிரத்தில் நாசிக் பக்கத்திலுள்ள தேவ்லாலியில் 1930 முதல் 1962 வரை பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். முதுகலைப் பட்டம் கிடையாது. கணினி கிடையாது. இருந்தது காகிதமும், எண்களோடு நாள் முழுக்க விளையாடும் ஆசையும். 6174இன் இந்தக் குணத்தை அவர் 1949இல் நம்முடைய சென்னையில், அன்றைய மெட்ராஸில் நடந்த கணித மாநாட்டில்தான் அறிவித்தார். 1975இல் அமெரிக்க எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் தம் பத்திரிகைப் பத்தியில் எழுதிய பிறகு உலகம் முழுக்க அவர் பெயர் பரவியது. இன்று 6174க்குப் பெயரே கப்ரேகர் மாறிலி. மாறிலி என்றால் மாறாமல் நிற்கும் எண்.

இனி இந்த விளையாட்டுக்குள் ஒளிந்திருக்கும் கெட்டிக்காரத்தனத்தைப் பாருங்கள். வகுப்பில் எல்லாருமா சரியாகக் கழிப்பார்கள்? ஒரு பிள்ளை 8622 − 2268 போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றாம் இடத்தில் 2இலிருந்து 8 போகாது. பக்கத்திலிருந்து கடன் வாங்கி 12 − 8 = 4. ஆனால் கடன் கொடுத்த பத்தாம் இடத்தில் ஒன்றைக் குறைக்க மறந்துவிட்டது. விடை 6354க்குப் பதில் 6364 என்று வருகிறது. சாதாரணக் கணக்காக இருந்தால் கதை அங்கேயே முடிந்தது. சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி விழும். இங்கே அந்தப் பிள்ளை தவறு தெரியாமலே தொடரலாம். 6643 − 3466 = 3177. பிறகு 7731 − 1377 = 6354. பாருங்கள், தவறவிட்ட அதே எண்ணுக்குத் திரும்பி வந்துவிட்டது! அங்கிருந்து 3087, 8352, 6174. இரண்டு படி கூடுதல், ஆனால் வந்து சேர்ந்துவிட்டது. காரணம் எளிது. தவறான விடையும் ஒரு நான்கு இலக்க எண்தானே? எந்த எண்ணும் 6174க்குப் போகும் என்றால் தவறான எண்ணும் போகத்தான் வேண்டும். கணக்கில் கடைசி பெஞ்ச் என்று பெயரெடுத்த பிள்ளையும் எல்லாரோடும் சேர்ந்து “6174” என்று கத்தும். வகுப்பறைக்கென்றே யோசித்துச் செய்திருந்தாலும் இவ்வளவு கனிவான ஒரு கணக்கைச் செய்திருக்க முடியாது.

தவறைக் கண்டுபிடிக்கவும் உள்ளேயே ஒரு காவலாளி இருக்கிறார். ஒவ்வொரு விடையின் இலக்கங்களையும் கூட்டிப் பாருங்கள். 8262இல் 18. 6354இல் 18. 3087இல் 18. 4995 போல ஒன்று வந்தால் 27. இந்த இரண்டைத் தவிர வேறு கூட்டுத்தொகை வரவே வராது. அந்தப் பிள்ளையின் 6364ஐக் கூட்டினால் 19. எங்கோ இடறியிருக்கிறது! விடைக்குறிப்பு இல்லாமல், ஆசிரியர் மேசைக்கு ஓடாமல், தானே கண்டுபிடித்துவிடலாம். 6354 என்பதை அவசரத்தில் 6534 என்று இடம் மாற்றி எழுதினால் இந்தக் காவலாளிக்குத் தெரியாது. ஆனால் அந்தத் தவறால் நஷ்டமும் இல்லை. அடுத்த படியில் இலக்கங்களை எப்படியும் அடுக்கித்தானே எழுதப்போகிறோம்?

சரி, ஏன் இப்படி நடக்கிறது? பிள்ளைகள் இந்தக் கேள்வியைத் தாங்களாகவே கேட்கும் வரை ஆசிரியர் காத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. கேட்டுவிட்டார்கள் என்றால் இயற்கணிதம் உள்ளே வர அதுதான் நேரம். 9741ஐத் திருப்பினால் 1479. ஆயிரமாம் இடத்தில் இருந்த 9 ஒன்றாம் இடத்துக்குப் போகிறது. ஒன்றாம் இடத்து 1 ஆயிரமாம் இடத்துக்கு வருகிறது. ஆகவே முதல், கடைசி இலக்கங்களின் வித்தியாசம் எவ்வளவோ, அவ்வளவு 999கள் விடையில் சேரும். அதேபோல் நடுவிலுள்ள இரண்டு இலக்கங்கள் நூறாம் இடத்துக்கும் பத்தாம் இடத்துக்குமாக மாறிக்கொள்கின்றன. அவற்றின் வித்தியாசம் எவ்வளவோ, அவ்வளவு 90கள். 9741க்கு எட்டு 999, மூன்று 90. 7992 + 270 = 8262. கழிக்காமலே விடை வந்துவிட்டது. 999உம் 90உம் 9இன் மடங்குகள். அதனால்தான் இலக்கங்களைக் கூட்டினாலும் 9இன் மடங்கு.

இங்கே மிக அழகான ஒன்று நடக்கிறது. விடையைத் தீர்மானிப்பவை இரண்டே இரண்டு வித்தியாசங்கள். வெளி வித்தியாசம் 1 முதல் 9 வரை இருக்கலாம். உள் வித்தியாசம் 0 முதல் அந்த வெளி வித்தியாசம் வரை. எண்ணிப் பாருங்கள்: 2 + 3 + 4 என்று 10 வரை கூட்டினால் 54. அதாவது 9,990 எண்களை எடுத்து ஒரே ஒரு தடவை கழித்தால் மிஞ்சுவது 54 எண்கள் மட்டுமே! ஒவ்வொன்றிலும் சராசரியாக 185 எண்கள் வந்து கலக்கின்றன. இலக்கங்களை அடுக்கிவிட்டால் இந்த 54இலும் பல ஒன்றாகிவிடும். வேறு வேறாக நிற்பவை 30. மலைச்சரிவில் எங்கே மழை பெய்தாலும் ஓடைகள் ஒன்றோடொன்று சேர்ந்து கடைசியில் ஒரே ஏரியில் விழுவது போலத்தான் இது. முப்பது எண்களையும் எழுதி, எது எங்கே போகிறது என்று அம்புக்குறி போட்டால் ஏரிக்கு வரும் ஓடைகளின் வரைபடம் கிடைத்துவிடும். ஒரு சார்ட் தாளில் வகுப்பே சேர்ந்து ஒரு பாடவேளைக்குள் வரைந்துவிடலாம். வரைந்து முடித்தால் 9,990 எண்களுக்கும் நிரூபணம் ஆயிற்று.

நான்கு இலக்கத்துக்கு வரைபடம் வேண்டும்; மூன்று இலக்கத்துக்கு ஐந்து வரி போதும். மூன்று இலக்கத்தில் நடு இலக்கம் இடம் மாறாது. முதல், கடைசி இலக்கங்களின் வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு 99கள். எனவே விடை ஒன்பதில் ஒன்று: 099, 198, 297, 396, 495, 594, 693, 792, 891. எல்லாவற்றிலும் நடுவில் 9. இரு ஓரங்களையும் கூட்டினாலும் 9. இதை ஒரு பிள்ளை கவனித்துச் சொன்னால் அன்றைய பாடம் வெற்றி. 099ஐ எடுத்துத் தொடருங்கள்: 891, 792, 693, 594, 495. ஒவ்வொரு படியிலும் நூறாம் இடம் ஒன்று குறைந்து, 495இல் நின்றுவிடுகிறது. மற்ற எண்களும் இதே வரிசையில் நடுவில் எங்காவது வந்து ஏறிக்கொள்கின்றன. ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை, எந்தச் சூத்திரமும் படிக்காமல், ஒரு தேற்றத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை தானே நிரூபித்துவிடும்.

அப்படியானால் இரண்டு இலக்கத்துக்கும் ஒரு மாறிலி இருக்க வேண்டுமே? இல்லை. 81, 63, 27, 45, 09, மறுபடி 81 என்று வட்டமடிக்கும்; எங்கும் நிற்காது. ஐந்து இலக்கத்திலும் நிற்கும் எண் கிடையாது. மூன்று தனித்தனி வட்டங்கள் இருக்கின்றன. தொடங்கும் எண்ணைப் பொறுத்து ஏதாவது ஒன்றில் மாட்டிக்கொள்ளும். “மூன்றுக்கு உண்டு, நான்குக்கு உண்டு, ஐந்துக்கும் இருக்கும்” என்று வகுப்பு ஒருமித்துச் சொன்ன பிறகு இதைச் செய்யவிட வேண்டும். நான்கைந்து இடத்தில் சரியாக வந்துவிட்டது என்பதால் எல்லா இடத்திலும் வரும் என்று சொல்ல முடியாது. நிரூபணம் எதற்கு என்று பிள்ளைகள் கேட்பதற்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

கணக்கு வகுப்பைச் சுவையாக்குகிறோம் என்று பாட்டு, கார்ட்டூன், செயலி என்று வெளியிலிருந்து பலதைக் கொண்டுவருகிறார்கள். அவற்றால் பயன் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளையின் கண்ணை அகலவைப்பது கணக்கின் உள்ளேயே கிடக்கிறது. அதை வெளியே எடுக்க ஒரு தந்திரம் போதும்: கணக்குப் போடுவதற்கு முன் ஊகிக்கச் சொல்வது. ஊகித்துச் சொல்லிவிட்ட பிள்ளை விடைக்காகக் காத்திருக்கும். ஊகம் தவறினால் “எப்படி?” என்று கேட்காமல் விடாது.

அதற்கு நல்ல உதாரணம் பிறந்தநாள் கணக்கு. “நம் வகுப்பில் இரண்டு பேருக்கு ஒரே நாளில் பிறந்தநாள் வர எவ்வளவு வாய்ப்பு?” என்று கேளுங்கள். வருஷத்தில் 365 நாள், வகுப்பில் 40 பேர். பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். உண்மையில் 89 சதவீதம். வெறும் 23 பேர் இருந்தாலே 50 சதவீதத்தைத் தாண்டிவிடும். 50 பேர் என்றால் 97 சதவீதம். ஊகம் ஏன் இவ்வளவு தூரம் பிசகுகிறது? கேள்வியைக் கேட்டதும் ஒவ்வொருவரும் தம் பிறந்தநாளைத்தான் நினைக்கிறார்கள். “என் பிறந்தநாள் இன்னொருவருக்கு வர” பாதிக்குப் பாதி வாய்ப்பு வேண்டுமென்றால் வேறு 253 பேர் வேண்டும். கேள்வியோ யாராவது இருவரைப் பற்றியது. 23 பேரில் எத்தனை ஜோடி? முதல் ஆள் 22 பேரோடு, அடுத்தவர் 21 பேரோடு என்று கூட்டிக்கொண்டே போனால் 253. அதே எண்! 253 ஒப்பீடு வேண்டும். 253 பேர் வேண்டியதில்லை. நாற்பது பேர் வகுப்பில் ஜோடிகள் 780.

துல்லியமாகக் கணக்கிடும் வழி இன்னும் அழகு. பிறந்தநாள் ஒத்துப்போகும் வாய்ப்பை நேராகத் தேடினால் தலை சுற்றும். ஒத்துப்போகாத வாய்ப்பைத் தேடினால் ஒரே பெருக்கல்தான். இரண்டாவது பிள்ளைக்கு 365 நாளில் 364 நாள் பாக்கி, மூன்றாவதற்கு 363, அடுத்ததற்கு 362. இந்தப் பின்னங்களைப் பெருக்கிக்கொண்டே போனால் 23ஆம் பிள்ளையில் விடை பாதிக்குக் கீழே இறங்கிவிடும். நம் ஊரில் இன்னொன்றும் சேரும். பள்ளியில் சேர்க்க வயதைச் சரிக்கட்டுவதற்காக மே, ஜூன் தேதிகளைச் சொல்லிப் பதிந்தவர்கள் பழைய தலைமுறையில் ஏராளம். பிறந்தநாட்கள் இப்படிச் சில மாதங்களில் குவிந்தால் ஒத்துப்போகும் வாய்ப்பு இன்னும் கூடும். பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களின் சான்றிதழ் தேதிகளைச் சேகரித்து வந்தால் அந்தக் குவியலைத் தாங்களே பார்க்கலாம்.

ஹங்கேரியில் டாமாஷ் வர்கா என்றொரு கணிதக் கல்வியாளர் இருந்தார். வகுப்பை இரண்டாகப் பிரிப்பார். ஒரு பாதி நாணயத்தை 200 தடவை சுண்டி, பூ விழுந்ததா தலை விழுந்ததா என்று எழுத வேண்டும். மறுபாதி சுண்டாமலே, சுண்டினால் எப்படி வருமோ அப்படி மனத்திலிருந்து 200 தடவை எழுத வேண்டும். தாள்களைக் கலந்து அவரிடம் கொடுத்தால், எது நாணயம் எழுதியது, எது மனம் எழுதியது என்று பார்த்தவுடனேயே ஏறக்குறைய சரியாகப் பிரித்துவிடுவார்.

ரகசியம் எளிதானது. மனத்திலிருந்து எழுதும் பிள்ளை மூன்று, நான்கு பூ தொடர்ந்து எழுதியதும் “இனி தலைதான் வர வேண்டும்” என்று கை கூசி மாற்றிவிடும். நாணயத்துக்கு அந்தக் கூச்சம் கிடையாது. ஏதோ ஒன்று விழுந்த பிறகு அடுத்த ஐந்தும் அதுவே விழ 32இல் ஒரு வாய்ப்பு. அரிது போலத் தெரிகிறது. ஆனால் 200 சுண்டலில் இப்படி ஒரு தொடர் தொடங்க 195 இடம் இருக்கிறதே! 200 சுண்டலில் எங்காவது ஆறு பூவோ ஆறு தலையோ தொடர்ந்து வரும் வாய்ப்பு ஏறத்தாழ 96 சதவீதம். ஆசிரியர் செய்ய வேண்டியதெல்லாம் தாளில் மிக நீண்ட தொடரைத் தேடுவது. ஆறோ அதற்கு மேலோ இருந்தால் நாணயம். நான்கோடு நின்றால் மனம். மூன்று விநாடிக்கு ஒரு சுண்டல் என்றால் பத்து நிமிடத்தில் முடிகிற சோதனை இது. செலவு, ஒரு ரூபாய் நாணயம். அதுவும் திரும்பக் கிடைத்துவிடும். நிகழ்தகவு என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன்பே அதன் உயிர் பிள்ளைகளுக்குப் புரிந்திருக்கும்.

எல்லாவற்றுக்கும் விடை உண்டு, அது பாடநூலின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது என்ற எண்ணத்தோடுதான் பெரும்பாலான பிள்ளைகள் பள்ளியைவிட்டுப் போகிறார்கள். அதையும் உடைக்க ஒரு விளையாட்டு உண்டு. ஏதாவது ஓர் எண். இரட்டைப்படை என்றால் பாதியாக்கு. ஒற்றைப்படை என்றால் மூன்றால் பெருக்கி ஒன்று கூட்டு. 26இல் தொடங்கினால் 13, 40, 20, 10, 5, 16, 8, 4, 2, 1. பத்தே படியில் 1க்கு வந்துவிட்டது. பக்கத்திலுள்ள 27ஐ எடுங்கள். ஏறும், இறங்கும், மறுபடி ஏறும், 9232 வரை உயரும். 1க்கு வந்து சேர 111 படி. எல்லா எண்ணும் கடைசியில் 1க்கு வருமா? ஜெர்மானியக் கணிதர் லோதர் கொலாட்ஸ் 1937இல் எழுப்பிய கேள்வி இது. கணினிகள் 21 இலக்க எண்கள் வரை சோதித்துவிட்டன; அத்தனையும் வந்துவிட்டன. ஆனால் எல்லா எண்ணும் வரும் என்று இன்றுவரை உலகில் யாராலும் நிரூபிக்க முடியவில்லை. ஐந்து இலக்கத்தில் ஊகம் சறுக்கியதைப் பார்த்த வகுப்புக்கு, 21 இலக்கம் வரை சோதித்தும் ஏன் போதவில்லை என்பது உடனே புரியும். இரண்டால் வகுக்கத் தெரிந்த பிள்ளை, உலகின் பெரிய கணித மேதைகள் நிற்கும் அதே எல்லையில் போய் நின்றுவிடுகிறது.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம். பாடத்தை முடிக்க வேண்டும், தேர்வுக்குத் தயார் செய்ய வேண்டும். ஆனால் மேலே சொன்னவற்றில் பாடநூலுக்கு வெளியே இருப்பது மிகக் குறைவு. கடன் வாங்கிக் கழித்தல், இடமதிப்பு, 9ஆல் வகுபடும் விதி, பின்னப் பெருக்கல், நிகழ்தகவு எல்லாம் ஏற்கெனவே நடத்தியாக வேண்டிய பாடங்கள்தான். வரிசையை மட்டும் திருப்பிப் போட்டால் போதும்: முதலில் புதிர், பிறகு ஊகம், அதன் பிறகு விதி. தலைமை ஆசிரியர்கள் வாரத்தில் ஒரு பாடவேளையாவது இதற்கு ஒதுக்கித் தர வேண்டும். அந்த ஒரு பாடவேளையில் வகுப்பு சத்தமாக இருந்தால் எட்டிப் பார்த்து அடக்காமல் இருக்கவும் வேண்டும்.